தட்டு நாற்றும் நடு இடமும்

ஆவணி 12, வியாழன்

இந்த டயரி உரக்கடையில் கொடுத்தது. தை மாதத்திலிருந்து சும்மா கிடந்தது. கலியமூர்த்தி இதன்மேல் ரேடியோவை வைத்திருந்தார். கலியமூர்த்தி என் வீட்டுக்காரர். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

எழுதச் சொன்னது விவசாய ஆபீஸ் மேடம். தட்டு நாற்று வளர்க்கப் போகிறீர்கள், எப்போது விதைத்தீர்கள், எப்போது தண்ணீர் விட்டீர்கள், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள், நான் வந்து பார்ப்பேன் என்றார். யாருக்கு எழுத வரும் என்று கேட்டார். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். நான் நாலாம் வகுப்பில் பாதி படித்தவள். மீதிப் பாதியில் நாற்று பறிக்கப் போய்விட்டேன். ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும். நீங்களே பாருங்கள் மேடம்.

நாங்கள் பதினான்கு பேர் ஒரு நடவுக் கோஷ்டி. என் பெயர் தையல்நாயகி, இருபத்திரண்டு வருடமாகத் தலைவி. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நாங்கள் இறங்குவது சிங்காரவடிவேல் அண்ணனின் ஐந்து ஏக்கரில்தான். இந்த வருடம் அவர் எங்களை வரப்பில் நிற்க வைத்து, நடவு மெஷின் வருகிறது என்றார். தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க ஒரே பத்து நாளில் நடவுக்கு நிற்கிறது, ஆள் கிடைப்பதில்லை, பிந்தி நட்டால் கார்த்திகை மழையில் இளம்பயிர் முங்கிப்போகிறது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பத்து நாள் நாங்கள் மகாராணிகள். பதினோராம் நாள் எங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது.

மெஷினுக்கு வயலில் வளர்த்த நாற்று ஆகாதாம். பிளாஸ்டிக் தட்டில் பாய் மாதிரி வளர்த்துக் கொடுக்க வேண்டுமாம். அந்த வேலையை எங்களுக்கே தருவதாகச் சொன்னார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்.

“வண்டி ஒழுங்கா நட்டுச்சுன்னா ஐப்பசி முடிய தட்டு வேலை இருக்கு தையலு. கோடையில கத்திரி, மொளகா நாத்தும் போடலாம். ஆனா ஆறு பேருக்குத்தான். அந்த ஆறு பேர நீயே சொல்லிடு.”

முதல் விதைப்புக்கு எல்லோரும் வரலாம். நடவு முடிந்ததும் ஆறு பேர் பட்டியல் வேண்டும். நான், “அண்ணே, ஒங்க வீட்டுல அண்ணி சொல்லாம நீங்க ஒரு சட்ட எடுத்ததில்ல, இப்ப என்னைய மட்டும் தனியா ஆளு எடுக்கச் சொல்றீங்களே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆவணி 13, வெள்ளி

வேலை ஒன்றும் இல்லை. பட்டியலுக்குப் பக்கம் ஒதுக்கி, பதினான்கு பெயரையும் எழுதினேன். பெயர் எழுதுவது சுலபம். அடிப்பதற்குத்தான் பேனா ஓடவில்லை.

எங்கள் வரிசை எப்படி என்று மேடத்துக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நடவில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று பின்னால் நகர்ந்துகொண்டே நடுவோம். ஓரத்தில் இரண்டு பக்கமும் கைவேகம் உள்ளவர்கள். வலது ஓரம் வாசுகி, எங்களில் இளையவள், அவள் கை மெஷின்தான். காய்ச்சல்காரி, பிள்ளைத்தாய்ச்சி, வயசானவள், இவர்களை நடுவில் விட்டு, இரண்டு பக்கத்துக்காரிகளும் கையை நீட்டி அவள் பங்கில் கொஞ்சம் நட்டுவிடுவார்கள். வரிசை கோணாது. யாரும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டார்கள். கூலி எல்லோருக்கும் ஒன்றே.

இரண்டு வருடமாக நானும் நடுவில்தான் நிற்கிறேன். தலைவியின் பேச்சு இரண்டு ஓரத்துக்கும் கேட்க வேண்டும் அல்லவா, அதற்காக. என் இடப்பக்கம் சிந்தாமணி, வலப்பக்கம் இந்திராணி. சிந்தாமணிக்கு எல்லை தெரியாது, அவள் கை அடிக்கடி என் பங்குக்குள் வந்துவிடும். இந்திராணியும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன்.

தைலம் தீர்ந்துவிட்டது. கலியமூர்த்திக்கு முதுகுவலி, இரண்டு பாட்டில் வாங்க வேண்டும்.

ஆவணி 19, வியாழன்

விதைப்பு: நானூற்று ஐம்பது தட்டு. இடம்: சிங்காரவடிவேல் அண்ணன் வீட்டுக் களம்.

சலித்த மண்ணும் மக்கின எருவும் கலந்து தட்டில் ஒரு விரல்கடை நிரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, மேலே பொடி மண். மேடம் ஒரு டம்ளர் கொடுத்து, ஒரு தட்டுக்கு இவ்வளவுதான் என்றார். இந்திராணி, என் மாமியார் சோறு போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். மேடம்கூட சிரித்துவிட்டார்.

மேடம் மூன்று தடவை சொன்னது: பதினாறாம் நாள் நட வேண்டும். அரைச் சாண் உயரம் போதும். யூரியா போடவே கூடாது.

குனியாமல் உட்கார்ந்து செய்கிற வேலை. சாயங்காலம் எழுந்தபோது, கலியமூர்த்தியின் முதுகு இன்று வலிக்கவில்லை.

ஆவணி 20, வெள்ளி

தண்ணீர்: காலை, மாலை. பூவாளியால்.

ஆவணி 22, ஞாயிறு

தண்ணீர்: காலை, மாலை. மைனா விரட்டியது: சிந்தாமணி. அவள் போட்ட சத்தத்தில் மைனாவோடு பால்காரரும் ஓடிவிட்டார்.

ஆவணி 27, வெள்ளி

தண்ணீர்: காலை, மாலை.

நாற்று நான்கு விரல்கடை நிற்கிறது. வெளிர்ப் பச்சை. காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளைக்குத் தலை சீவின மாதிரி. மேலத்தெருக் கோஷ்டி டீக்கடையிலிருந்து வந்து பார்த்து, இது நாற்றா, கோயில் முளைப்பாரியா என்று கேட்டுவிட்டுப் போனது. நாங்கள் வளர்க்கிற நாற்றைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து ஆள் வரும். கறுகறுவென்று முழங்கால் உயரம் நிற்கும். நாற்றைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் கோஷ்டியை மதிப்பார்கள். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற பதின்மூன்று பேருக்கும் அப்படித்தான் என்று சாயங்காலம் தெரிந்தது.

ஆவணி 28, சனி

தண்ணீர்: காலை, மாலை. தண்ணீரைத் தவிர வேறொன்றும் விடவில்லை.

மேடம், தண்ணீர் மட்டும்தான்.

ஆவணி 31, செவ்வாய்

தண்ணீர்: காலை, மாலை.

நாற்று கறுத்துவிட்டது. நல்ல மண், நல்ல வெயில், வேறு காரணம் இல்லை. சிங்காரவடிவேல் அண்ணன் வந்து குனிந்து தடவிப் பார்த்து, “இதுதான் தையல்நாயகி நாத்து” என்றார். மேலத்தெருக்காரிகள் இன்று இந்தப் பக்கம் வரவில்லை.

அண்ணன் பட்டியலைக் கேட்டார். எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. தினமும் ஆறு எழுதுகிறேன், தினமும் வேறு ஆறு. எல்லாவற்றிலும் முதல் பெயர் வாசுகி, இரண்டாவது பெயர் என்னுடையது. தலைவி இல்லாமல் எப்படி?

புரட்டாசி 4, சனி

மெஷின் இன்று வர வேண்டும். வரவில்லை. பக்கத்து ஊரில் சேற்றில் உட்கார்ந்துவிட்டதாம். கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளை சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்.

புரட்டாசி சனி, வீட்டில் கருவாடு கூடாது. கலியமூர்த்தி சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

நாற்று ஒரு சாண் தாண்டிவிட்டது.

புரட்டாசி 6, திங்கள்

தண்ணீர்: ஒருவேளை மட்டும். வளர்ச்சியை அடக்கப் பார்க்கிறோம்.

வாசுகி காலையில் வந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் மதியம் புறப்படுகிறது, நானும் போகிறேன் என்றாள். நான் வழக்கம்போல, பனியனுக்குக் கையை நட்டுவிடாதே, தைத்துவிடு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆறு பேர்ல நான் இருக்கேனா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லலியே அத்தை. ஒவ்வொரு நாளும் ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன். நீங்க சிரிக்க வச்சு அனுப்பிடுறீங்க.”

நீதான் முதல் பெயர் என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய அம்மா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், அவளும் கோஷ்டிதான், அவள் பெயர் பட்டியலில் இல்லை. போய்வா என்றேன்.

புரட்டாசி 9, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. பேனா பிடிக்க உட்கார வேண்டும், உட்கார முடியவில்லை. இன்று படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோடு கோணும்.

மெஷின் நேற்றுக் காலை வந்தது. ஓட்டிவந்தவர் அந்தோணிராஜ், கடலூர் பக்கம். ஆள் ஒல்லி. மெஷின்மேல் உட்கார்ந்தால் மைனா உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாய் மாதிரி சுருட்டின நாற்றை மெஷின் முதுகில் ஏற்றினோம். பாதி ஊர் வரப்பில் நின்றது. மேலத்தெருக் கோஷ்டி முன்வரிசையில்.

முதல் சுற்று போனது. திரும்பிப் பார்த்தால், நாலு குத்து நாற்று நட்டிருக்கிறது, மூன்று குத்து இல்லை, இரண்டு குத்து சேற்றில் படுத்திருக்கிறது. நாற்று நீளமாகவும் துவண்டும் இருந்ததால் மெஷினின் விரலில் சுற்றிக்கொண்டது. இரண்டாவது சுற்றில் மெஷின் நின்றேவிட்டது. அந்தோணிராஜ் இறங்கி, சிக்கின தலைமுடியை எடுப்பது போல் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தார். சிங்காரவடிவேல் அண்ணன் தோள் துண்டை வரப்பில் வீசினார். போதும், வண்டியை ஏற்று, எனக்கு இந்தச் சங்காத்தமே வேண்டாம், தட்டும் வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கே அது புதிது.

உழுது தண்ணீர் கட்டின வயலை விட முடியாது. கையால் நடுகிறோம் என்று இறங்கினோம். பாயைக் கிழித்துக் கிழித்து வரிசையாக நட ஆரம்பித்தோம். நான் வழக்கம்போல நடுவில். அரை மணி போயிருக்கும். நிமிரப் பார்த்தேன். இடுப்பு என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டது. சிந்தாமணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக, வாய் அசையாமல் சொன்னாள்: “போய் வரப்புல ஒக்காரு அக்கா. யாரும் பாக்கல.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் வரிசையை வெளியே இருந்து நான் பார்த்ததில்லை. நேற்றுத்தான் பார்த்தேன். நடுவில் நான் எழுந்து வந்த இடத்தில் ஓட்டை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. சிந்தாமணியின் கை இந்தப் பக்கம் வந்தது, இந்திராணியின் கை அந்தப் பக்கம் வந்தது. ஒருத்தியும் நகரவில்லை, ஒருத்தியும் வேகத்தைக் கூட்டவில்லை. நேற்று பழகின கை இல்லை அது. என் பங்கை ரொம்ப நாளாக நட்டுவருகிற கை. இரண்டு பேருக்கும் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

கண்ணில் சேறு தெறித்துவிட்டது. துடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு பாய் நாற்று கிடந்தது. கை சும்மா இருக்காமல் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். வயல் நாற்று ரொம்ப வளர்ந்துபோனால், புழு முட்டை நுனியில் இருக்கும் என்று கட்டாகக் கட்டின நாற்று முடியில் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவோம். எப்போதும் செய்கிற வேலைதான். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, பாயை விரித்து, அரைச் சாண் விட்டு மேலே உள்ளதை அரிந்தேன். பார்பர் ஷாப் மாதிரி ஆயிற்று. அந்தோணிராஜிடம், தம்பி, இந்தப் பிள்ளைக்கு மொட்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள் என்றேன்.

ஏற்றினார். ஒரு பாய் அளவுக்கு ஓட்டினார். நட்டது நட்டபடி நின்றது. இடையிடையே ஓட்டை, ஆனால் படுத்த நாற்று இல்லை, சிக்கல் இல்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் சொன்னேன். மேடமும் வந்து நின்றிருந்தார்.

“யூரியா நாந்தான் போட்டேன் அண்ணே. இவளுவோளக் கேக்காதீங்க. நாத்து சோவையா இருந்தது பொறுக்கல.”

சிந்தாமணி சேற்றிலிருந்து கத்தினாள்: “பதினாலு பேரும்தான் போட்டோம். அவ எழுதுனது மட்டும்தான் தண்ணி.”

மேடம் டயரியைக் கேட்டார். கொடுத்தேன். ஆவணி 28-ஐப் படித்தார். பக்கத்தைத் திருப்பி 31-ஐயும் படித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, நாற்று கறுத்திருந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் துண்டைத் தேடிக் குனிந்தார்.

எல்லோரும் கரையேறி, களத்தில் உட்கார்ந்து அரிந்தோம். ஊரில் உள்ள அரிவாள் எல்லாம் வந்தது. மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். இன்று மத்தியானம் ஐந்து ஏக்கரும் முடிந்தது. மெஷின் விட்ட ஓட்டையை எங்கள் ஆட்கள் பின்னாலேயே போய்க் கையால் நிரப்பினார்கள். நான் போகவில்லை. படுத்திருக்கிறேன்.

தைலம் எனக்குத்தான். கலியமூர்த்திக்கு முதுகில் ஒன்றும் இல்லை. அவர் தேய்த்துவிடுகிறவர்.

புரட்டாசி 11, சனி

அண்ணன் வீட்டுக்கே வந்தார். இன்னும் மூன்று பேர் தட்டு நாற்றுக் கேட்டிருக்கிறார்களாம். ஆறு போதாது, பத்துப் பேர் வேண்டும், நாளைக்குள் பட்டியல் கொடு என்றார். யூரியாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பத்து என்றால் சுலபம் என்று நினைப்பீர்கள். பதின்மூன்று பேர் இருக்கிறோம்.

வாசுகியின் அம்மா பெயரை முதலில் எழுதினேன். வரிசையாகப் பத்து வந்தது. வெளியே மூன்று. இரண்டு பேருக்கு நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது, கொஞ்சம் தாங்குவார்கள். மூன்றாவது ஆள் தையல்நாயகி. வேலை செய்ய முடியாதவள் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. கலியமூர்த்தி படித்துப் பார்த்தார். கேலி இல்லாமல் நீ எழுதின முதல் பக்கம் இது என்றார். அவருக்கு ரேடியோவில் பாட்டு வைக்கச் சொன்னேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

சிந்தாமணி ஐந்தாம் வகுப்பு முழுதாகப் படித்தவள். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, எழுதச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். களத்தில் பட்டியலை என் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படித்தாள். பத்தாம் பெயர் முடிந்ததும் பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க ஒம் பேரு?”

என்னால் வேலை செய்ய முடியாது என்று விளக்கினேன். வயலில் பார்த்தீர்களே என்றேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அண்ணனிடம் திரும்பிவிட்டாள்.

“தெனம் பத்துப் பேரு வந்தா ஒங்களுக்குப் போதும்ல? எந்தப் பத்துன்னு நீங்க கேக்கக் கூடாது. நாங்க பதிமூணு பேரு மாத்தி மாத்தி வருவோம். இருவத்திரண்டு வருசமா வரிசய நாங்கதான் பாத்துக்குறோம், இப்பவும் நாங்களே பாத்துக்குறோம்.”

அண்ணன் யோசித்தார். தினமும் புது ஆளுக்கு வேலை பழக்க முடியாது என்றார். யாரும் புது ஆள் இல்லை என்றாள் இந்திராணி. அவள் ஒரு வருடத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவாள். பேசிவிட்டாள். அவர் சரி என்றார்.

எல்லோருக்கும் நாலைந்து நாளுக்கு ஒரு நாள் வேலை இல்லை. முழுக்க நல்லதில்லை, முழுக்கக் கெட்டதும் இல்லை. வாசுகி இருந்திருந்தால் பதினான்கு. அவள் அம்மாவிடம் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டேன். பட்டியலில் நீதான் முதல் பெயர், சொல்லாதது என் தப்பு என்றேன். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. தெரியும் அத்தை, தைக்குப் பார்க்கலாம் என்றாள். தை மாதம் வருவதாகச் சொன்னாளா, தட்டிக்கழிக்கச் சொன்னாளா தெரியவில்லை. ஆனால் கோபமாக இல்லை.

புரட்டாசி 15, புதன்

விதைப்பு: அறுநூறு தட்டு. வந்தவர்கள் பத்துப் பேர். சிந்தாமணிக்கு இன்று முறை இல்லை, களம் அமைதியாக இருந்தது. மைனாக்கள் நிறைய வந்தன.

தண்ணீர்: விட்டது நான். பூவாளியைத் தூக்க வேண்டாம் என்று அண்ணன் பம்புசெட்டிலிருந்து பைப் போட்டுக் கொடுத்தார்.

யூரியா: இல்லை. மேடம், இந்தத் தடவை நிஜமாகவே இல்லை.

உட்கார வீட்டிலிருந்து முக்காலி கொண்டுபோனேன். வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று களத்து ஓரமாகப் போட்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அதைக் காணோம். இந்திராணி அதைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பக்கம் ஐந்து பேரும் மறுபக்கம் நாலு பேரும் வருகிற மாதிரி, நடுவில் போட்டிருந்தாள்.